அப்பா பைலட்டா? பெட்டியில் இருந்த சின்னக் கண்ணாடி

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்பாவின் முதல் வருடத் திதிக்கு ஒரு சின்ன நினைவு மலர் போட நினைக்கிறீர்கள். சுங்கை சிப்புட்டில் எல்லோரும் அவரை "பைலட்டு மேஜர்" என்றே சொல்கிறார்கள். அவரோ வீட்டில் வேலையைப் பற்றி வாயே திறந்ததில்லை. இருபத்தொன்பது வருடம் மலேசிய ஆகாயப் படையில் அவர் என்னதான் செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். தகரப் பெட்டியில் கிடைத்தவற்றையும் எழுதியிருக்கிறீர்கள்: இங்கிலாந்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், சீருடையில் ஒரு கலர் படம், பதக்கங்கள், பல் டாக்டர் வைத்திருப்பது போல நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, விசித்திரமான ஒரு குறடு, அப்புறம் ஓர் உறைக்குள் முறுக்கிய கம்பித் துண்டு. உறையின் மேல் 14.3.1986 என்ற தேதி மட்டும்.

கம்பியைக் கடைசியில் சொல்கிறேன். அது கொஞ்சம் என் சொந்தக் கதை.

நான் உங்கள் அப்பாவின் கீழ் ஆறு வருடம் வேலை பார்த்தவன். ஹெலிகாப்டர் மெக்கானிக். ஃபிளைட் சார்ஜனாக வெளியே வந்தேன். தளத்துக்குள் அவரைத் "துவான்" என்போம், மலாயில் ஐயா என்பது மாதிரி. கேட்டைத் தாண்டிவிட்டால் எனக்கு அண்ணன். அவர் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம், நான் சுங்கை பட்டாணிப் பக்கம். இரண்டு பேருமே பால்மரத்து வீட்டுப் பிள்ளைகள். அதனால் சில விஷயங்களை அவர் என்னிடம் சொல்வார். வேறு யாரிடமும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.

சரி, முதல் கேள்வி. உங்கள் அப்பா பைலட் இல்லை. மலரில் அப்படிப் போட்டுவிடாதீர்கள்.

நான் சொல்வதை நம்பவேண்டியதில்லை, அந்தக் கலர் படத்தையே பாருங்கள். இடது சட்டைப் பைக்கு மேல், பதக்க நாடாக்களுக்கும் மேலே, விமானியாக இருந்தால் இரண்டு பக்கமும் விரிந்த சிறகுச் சின்னம் இருக்கும். வழிகாட்டி, அதாவது நேவிகேட்டர் போன்றவர்களுக்கு ஒரு பக்கச் சிறகு. உங்கள் அப்பா படத்தில் இரண்டும் இருக்காது. சிறகைச் சம்பாதித்தவன் அதைக் குத்தாமல் ஸ்டூடியோவுக்குப் போகமாட்டான், அது நிச்சயம்.

ஊர்க்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நம்ம ஊரில் நீலச் சீருடை போட்டவன் எல்லாம் பைலட்டுதான். நான் லீவில் வந்தால் என்னையும் "எந்தப் பிளேனு ஓட்டுற?" என்று கேட்பார்கள். ஸ்பேனர் பிடிக்கிறேன் என்றால் முகம் வாடிவிடும். உங்கள் அப்பா ஒரு கட்டத்தில் திருத்துவதை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அவருக்குப் பெருமை வேண்டியிருந்தது என்று நினைக்காதீர்கள். விளக்கம் சொல்வதில் அவருக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

இன்னொன்று. யாராவது அட்டையில் சுக்கோய் போர் விமானம் போடலாம் என்று யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுக்கோய் 30 இங்கே வந்தது 2007-இல். உங்கள் அப்பா 1995-லேயே வீட்டுக்கு வந்துவிட்டார். இப்படித் தொடாத விமானத்தை அட்டையில் போட்ட நினைவு மலர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு சங்கடப்படும்.

அவர் பொறியியல் அதிகாரி. மலாயில் பெகாவாய் ஜுருத்தெரா. ஒரு ஹெலிகாப்டர் இன்று பறக்கலாமா, கூடாதா என்று தீர்மானித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. அந்தச் சின்னக் கண்ணாடி அதற்குத்தான். கியர்பாக்ஸுக்குப் பின்னால், குழாய்களுக்கு இடையில், தலை நுழையாத இடத்தில் காம்பை விட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பது. விசித்திரமான குறடு என்றீர்களே, நடுவில் ஒரு குமிழ் இருக்கும், பிடித்து இழுத்தால் குறடு தானாகச் சுழலும். அது லாக்கிங் வயர் முறுக்குகிற குறடு. அதிர்வில் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க அதன் தலையில் துளை போட்டுக் கம்பி கோத்துக் கட்டுவோம்.

இப்போது ஆரம்பத்திலிருந்து வருகிறேன். மலருக்கு உங்களுக்கு வேண்டிய பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் பிறந்தது 1949. அதற்கு முந்தின வருடம், 1948 ஜூன் 16-ஆம் தேதி, சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்டுகளோடு முதல் சண்டை, பிறந்த ஊர் அது. பன்னிரண்டு வருடம், 1960 ஜூலை 31 வரை நீடித்தது. உங்கள் அப்பாவின் பிள்ளைப் பருவம் முழுக்க அதற்குள்தான். லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று அரிசிக்குக் கெடுபிடி. மேலே விமானம். துண்டுக் காகிதங்களைக் கொட்டும்; சிலவற்றில் ஒலிபெருக்கி கட்டி, காட்டில் இருப்பவர்களைச் சரணடையச் சொல்லிப் பேசிக்கொண்டே வட்டம் அடிக்கும். "ஆகாயம் பேசுதுன்னு எங்க அம்மா பால் வாளியைக் கீழ வச்சிட்டுக் கும்பிட்டுச்சு" என்று ஒரு தடவை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விமானத்தின் மேல் ஆசை வந்தது அங்கேதானா என்று கேட்டேன். "ஆசை என்னடா, அந்தக் காகிதத்தைப் பொறுக்கி அடுப்புக்குக் கொடுத்தேன்" என்றார்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போக ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. 1964-இல்தான் அதை எடுத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுவார்கள், மறுநாள் அம்மாவோடு பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டியதுதான். உங்கள் அப்பா தேறினார். அப்புறம் ரிமூவ் வகுப்பில் ஒரு வருடம். தமிழில் படித்தவன் ஆங்கிலத்துக்கு மாறுவதற்கான வருடம் அது. எல்.சி.இ., அதாவது மூன்றாம் படிவத் தேர்வு, முடித்தது 1965. அந்தச் சமயத்தில் ஆகாயப் படை பயிற்சிப் பையன்களை எடுக்கிறது என்று தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, ஒருவர் பேப்பரில் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மனு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். நீங்கள் கட்டாயம் எழுதவேண்டிய ஆள் அவர். பெயர் உங்கள் அத்தைக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள்.

அதில் ஒரு விஷயம். அவருக்குப் பிறப்புச் சூராட்டு, அதாவது பிறப்புப் பத்திரம், இருந்தது. சாதாரணமாகத் தெரியலாம். அன்று லயத்தில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அது கிடையாது. மருத்துவச்சி கையில் பிறந்து, யாரும் போய்ப் பதியாமல் வளர்ந்தவர்கள். பத்திரம் இல்லையென்றால் குடியுரிமை இல்லை, குடியுரிமை இல்லையென்றால் படையில் சேர முடியாது. 1969-ஐ ஒட்டிக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஊருக்குக் கப்பலேறினார்கள். உங்கள் பாட்டியின் தம்பி குடும்பமும் ரஜூலா கப்பலில் போனதாக அவர் சொல்லியிருக்கிறார். ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பையன் அரசாங்கச் சீருடையில், அடுத்த வீட்டுக்காரர்கள் நாகப்பட்டினத்தில். இதை அவர் மறக்கவே இல்லை.

1966-இல் சேர்ந்தார். ஆகாயப் படைக்கே அப்போது எட்டு வயதுதான். 1958 ஜூனில் தொடங்கியது. கையில் இருந்த முதல் விமானம் ட்வின் பயனியர் என்ற குட்டையான ரெட்டை எஞ்சின் விமானம். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் கால்பந்துத் திடல் மாதிரி கொஞ்சம் தரை இருந்தால் போதும், இறங்கிவிடும். சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே மலைக்குள் இருந்த காட்டுக் கோட்டைகளுக்கு, லெகாப், கெமார் மாதிரி இடங்களுக்கு, சாலை கிடையாது. அரிசியும் மருந்தும் ஆளும் ஆகாயத்தில்தான் போகவேண்டும். படைக்கு மலேசியர் ஒருவரே தளபதியாக வந்தது 1967-இல், சுலைமான் சுஜாக். அதுவரை பிரிட்டிஷ்காரர்கள். அதாவது உங்கள் அப்பா உள்ளே போகும்போது எல்லாமே இரவல்: அதிகாரி, விமானம், பாடப் புத்தகம், டீ குடிக்கிற நேரம் வரை.

பையன்களில் சிலரைப் பொறுக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், ஹால்டன் என்ற இடத்திலிருந்த பிரிட்டிஷ் ஆகாயப் படைத் தொழிற்பள்ளிக்கு. கறுப்பு வெள்ளைப் படம் அதுதான். இடது கைச் சட்டையில் ஒரு வளையத்துக்குள் நான்கு இதழ் விசிறி மாதிரி பித்தளைச் சின்னம் தெரிகிறதா? ஹால்டன் பயிற்சிப் பையன்களின் அடையாளம் அது. மூன்று வருடம் அங்கே இருந்தார். பைப் வாத்தியம் ஊத ஊத வகுப்புக்கு அணிவகுத்துப் போவார்களாம். குளிர், அப்புறம் அவித்த உருளைக்கிழங்கு. முதல் இரண்டு மாதம் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, அரத்தால் ராவி, கச்சிதமான சதுரமாக்கச் சொல்வார்களாம். மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துண்டு. "அம்மா மரம் வெட்டக் கத்துக்கிட்ட மாதிரிதான்" என்பார்.

அந்த ஒப்புமையை அவர் அடிக்கடி சொல்வார், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பால் வெட்டும்போது கத்தி பட்டைக்குள் சரியான ஆழம் போகவேண்டும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம். காயம் அன்றைக்குத் தெரியாது. பட்டை திரும்ப வளரும்போது முடிச்சு முடிச்சாக வரும், அந்தப் பக்கம் திரும்ப வெட்டவே முடியாது. தண்டல், அதாவது மேற்பார்வையாளர், வந்து மரம் மரமாகப் பார்ப்பார். உங்கள் பாட்டியின் மரங்களில் காயம் இருக்காது என்று தோட்டத்தில் பெயர். இந்தப் பெருமையை மட்டும் அவர் தயங்காமல் சொல்லிக்கொள்வார்.

1969-இல் திரும்பி வந்தார். அதற்கு முந்தின வருடம்தான் நூரி வந்திருந்தது. அவருடைய வேலைக்காலம் ஏறக்குறைய முழுவதும் அதோடுதான் போனது, ஆகவே அட்டையில் ஏதாவது போடவேண்டுமென்றால் நூரியைப் போடுங்கள்.

நூரி அமெரிக்க சிகோர்ஸ்கி கம்பெனியின் எஸ்-61 ஹெலிகாப்டர். இரண்டு எஞ்சின், மேலே ஐந்து இறக்கை, அடிப்பாகம் படகு மாதிரி. சாமான்களோடு இருபது, இருபத்தைந்து சிப்பாய்களை ஏற்றலாம். மொத்தம் ஏறத்தாழ 40 வாங்கினார்கள். 2020 தொடக்கத்தில் ஆகாயப் படை அதை ஓய்வுக்கு அனுப்பியபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதற்குள் பல விபத்துகள், பல உயிர்கள். "பறக்கும் சவப்பெட்டி" என்று கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. எங்கே பறந்தது என்று பார்க்கவேண்டும். எஞ்சின் நின்றாலும் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழாது. காற்றிலேயே இறக்கை சுழல, விமானி ஓரளவு மெதுவாக இறக்கலாம். ஆனால் இறங்கக் கீழே ஓர் இடம் வேண்டும். தித்திவாங்சா மலைத்தொடரில் இருநூறு அடி உயர மரங்களுக்கு மேல், மத்தியானம் மேகம் இறங்கின பிறகு, எந்த இடத்தில் இறக்குவது?

எழுபதுகளில் கம்யூனிஸ்டுகளோடு இரண்டாவது சண்டை. 1968-இல் மறுபடி மூண்டது. 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹாட்யாய் ஒப்பந்தத்தில்தான் முடிந்தது. பேராக், கெடா எல்லைக் காடுகளில் சிப்பாய்கள் வாரக்கணக்கில் இருப்பார்கள். கிரிக்கிலிருந்து ஜெலிக்குக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட 1970-லிருந்து 1982 வரை ஆனதற்கு மலை மட்டும் காரணம் இல்லை, தாக்குதலும்தான். சரவாக்கில் வேறொரு காடு, வேறொரு குழு. அங்கே 1990 வரை. இந்த எல்லா இடத்துக்கும் அரிசி, குண்டு, கடிதம், சம்பளம் கொண்டுபோவதும், கண்ணிவெடியில் கால் போனவனைத் தூக்கிவருவதும் பெரும்பாலும் நூரி. ஸ்குவாட்ரன் சின்னங்கள் ஏதாவது கிடைத்தால் எண்ணைப் பாருங்கள்: 3 என்றால் பட்டர்வொர்த், 5 லாபுவான், 7 கூச்சிங். மூன்றிலும் இருந்திருக்கிறார்.

சண்டை இல்லாத நாளில் வெள்ளம். கிளந்தானில் நவம்பர், டிசம்பர் வந்தால் எங்களுக்கு லீவு கிடையாது. நீங்கள் பிறந்த அன்றுகூட அவர் வெள்ளத்தில்தான் இருந்தார். அதை உங்கள் அம்மா இன்னும் மன்னித்திருக்கமாட்டார்.

கீழிருந்து மேலே வந்த அதிகாரி அவர். லஸ்கார், கோப்ரல், சார்ஜன் என்று ஏறி, அதன் பிறகு தெரிவாகி அதிகாரி ஆனவர். தௌலியா, அதாவது அதிகாரியாக நியமிக்கும் பத்திரம், பேரரசர் பெயரில் வரும். பெட்டியில் இல்லையென்றால் அம்மாவின் அலமாரியில் சட்டம் போட்டு இருக்கலாம், தேடுங்கள். பழைய கடிதங்களில் சிலர் பெயருக்கு முன்னால் ஸ்குவாட்ரன் லீடர் என்று பார்த்தால் குழம்பவேண்டாம். ஆரம்பத்தில் பிரிட்டிஷ் ஆகாயப் படைப் பதவிப் பெயர்கள். பிறகுதான் தரைப்படை மாதிரி மேஜர், கர்னல் என்று மாறியது. ஸ்குவாட்ரன் லீடர் என்பது மேஜர்தான். ஏன் லெப்டினன்ட் கர்னல் ஆகவில்லை என்று ஊரில் சிலர் இனத்தைச் சொல்வார்கள், சிலர் அவருடைய வாயைச் சொல்வார்கள். நான் சொல்வது இது: பட்டப் படிப்பு இல்லாமல் சார்ஜனிலிருந்து வந்தவர்களுக்கு மேஜர் என்பதே பெரிய உயரம். மலரில் இந்தப் பேச்சே எடுக்காதீர்கள். அவர் எடுத்ததில்லை.

தினமும் என்ன செய்தார் என்பதுதான் உங்கள் முக்கியமான கேள்வி. விடிய ஐந்தரைக்கு ஹாங்கருக்கு வருவார். பெரட்டுக்குப் பழகின உடம்பு என்பார். ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் ஒரு பராமரிப்புப் பதிவேடு உண்டு, பிரிட்டிஷ்காரன் வைத்த எண்ணால் "செவன் ஹண்ட்ரட்" என்போம். நேற்று என்ன பழுது, யார் பார்த்தது, யார் சரி என்று சொன்னது எல்லாம் அதில் கையெழுத்தோடு இருக்கும். விமானியும் அதில் கையெழுத்துப் போட்டுத்தான் எந்திரத்தை வாங்கிக்கொள்வார். உங்கள் அப்பா அதைக் கணக்குப்பிள்ளை செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவு, பார்ப்பதுபோல் வரி வரியாகப் படிப்பார். அப்புறம் எண்ணெய். கியர்பாக்ஸ் எண்ணெய்க்குள் ஒரு காந்தத் திருகு இருக்கும். உள்ளே பல்சக்கரம் தேயத் தொடங்கினால் இரும்புத் துகள் அதில் ஒட்டும். அதைக் கழற்றி விரலில் தேய்த்துப் பார்ப்பார். மாவு மாதிரி இருந்தால் சாதாரணத் தேய்மானம். செதிலாக இருந்தால் அன்று அது பறக்காது. மேலே இருக்கிற இறக்கைகளின் உள்ளே குழாய் மாதிரி கூடு. அதில் நைட்ரஜன் வாயு அடைத்திருக்கும். எங்காவது கீறல் விழுந்தால் வாயு கசியும், அடியில் இருக்கும் காட்டியில் நிறம் மாறும். ஏணி போட்டு ஏறி ஐந்தையும் பார்ப்பார். இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள், அதிகாரி ஏறவேண்டிய அவசியமே இல்லை. ஏறுவார்.

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்ன நாட்கள்தான் அவருடைய சாதனை என்பது என் அபிப்பிராயம். மேலே சிப்பாய்களுக்குச் சாப்பாடு முடிந்துவிட்டது என்று ரேடியோவில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், விமானி வாட்ச்சைப் பார்ப்பார், பெரிய அதிகாரி ஒருவர் வெயிலில் நிற்பார், இவர் கண்ணாடியை உள்ளே விட்டுக்கொண்டு "இன்னும் பத்து நிமிஷம், துவான்" என்பார். பத்து நிமிஷம் இரண்டு மணி நேரம் ஆகும். சில நாள் அவர் பயந்தது ஒன்றுமே இல்லாமலும் போகும். அன்று எல்லோரும் முறைப்பார்கள். விழாத ஹெலிகாப்டருக்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை.

பதக்கம் என்றதும் ஞாபகம். பெட்டியில் இருப்பவற்றில் கே.ஏ.டி. என்றால் கெசத்ரியா அங்காத்தான் தெந்தெரா. ஆயுதப் படை விருது, பெயருக்குப் பின்னால் போடலாம். பி.பி.ஏ. பொதுச் சேவைப் பதக்கம். ஒவ்வொன்றுக்கும் கொடுத்த கடிதம் இருக்கும். கடிதத்தில் இருக்கிற எழுத்துகளை மட்டும் போடுங்கள். ஊரில் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். படையின் குறிக்கோள் வாசகத்தைத் தமிழில் போட விரும்பினால், "சென்தியாசா டி அங்காசா ராயா" என்பதற்கு "எப்போதும் வான்வெளியில்" என்று போடலாம். எப்போதும் தரையிலேயே நின்றவருக்கு அது கொஞ்சம் வேடிக்கைதான்.

நடுவில் ஒரு காரியம், மலரோடு சம்பந்தமில்லாதது. அம்மாவுக்கு வரவேண்டிய பென்சன் தெர்பித்தான், அதாவது துணைவிக்கான ஓய்வூதியம், ஜே.எச்.இ.வி. எனப்படும் படைவீரர் விவகாரத் துறையில் பதிவாகிவிட்டதா? இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதியாமல் விட்ட கல்யாணங்களில் இது பெரிய தலைவலி, அதனால்தான் கேட்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு உள்ளதை நீங்களே என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். நான் ஊருக்கு வந்தபோது பார்த்த ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தோட்டம் செம்பனைக்கு மாறி லயமெல்லாம் இடித்த பிறகும் மாரியம்மன் கோயில் திருவிழா நின்றுபோகவில்லை அல்லவா. இரதம் புறப்படுகிற சாயந்திரம், மேளம் வந்தாயிற்று, பூசாரி தட்டோடு நிற்கிறார். மேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரதத்துக்கு அடியில் படுத்திருக்கிறார், கையில் டார்ச்சும் இதே கண்ணாடியும். அச்சு போல்ட் ஒன்று தளர்ந்திருக்கிறதாம். தலைவர் "நல்ல நேரம் போகுது மேஜர்" என்று கெஞ்சுகிறார். அடியிலிருந்து குரல் வருகிறது: "இன்னும் பத்து நிமிஷம்."

இனி கம்பி.

1986-இல் எனக்கு இருபத்திரண்டு வயது. எந்தத் தளம் என்பது இப்போது முக்கியமில்லை. வால் பக்கத்து விசிறியின் கட்டுப்பாட்டுத் தண்டில் ஒரு போல்ட்டுக்கு நான் லாக்கிங் வயர் கட்டினேன். அழகாகக் கட்டியிருந்தேன், முறுக்கு எண்ணிக்கைகூடச் சரி. எனக்கு மேலே பார்க்கவேண்டியவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் கம்பியை எந்தப் பக்கமாகக் கட்டுகிறோம் என்பதுதான் விஷயம். போல்ட் கழல முயன்றால் கம்பி அதை இறுக்கும் பக்கம் இழுக்கவேண்டும். நான் எதிர்ப்பக்கம் கட்டியிருந்தேன். அதாவது, கழலுவதற்கு உதவி செய்கிற மாதிரி.

அவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும், அதனால் தலையைச் சாய்த்து இரண்டு மூன்று தடவை பார்த்தார். பிறகு கம்பியை வெட்டி எடுத்தார். என் பெயரை எல்லோர் முன்னாலும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கம் அழைத்துப்போய், தமிழில் சொன்னார்: "தம்பி, காயம் போட்டுட்டே. இன்னிக்குத் தெரியாது. போய்க் கட்டு, நான் நிக்கிறேன்." நான் திரும்பக் கட்டி முடிக்கிற வரைக்கும் நின்றார். பதிவேட்டில் பழுதை எழுதினார், யார் கட்டியது என்பதையும் எழுதினார். மறைக்கவில்லை. எனக்குத் தண்டனை உண்டு, பதினான்கு நாள். அதை நிறுத்தவும் அவர் முயற்சி செய்யவில்லை. அப்போது கோபம் வந்தது, நம்ம ஆள் ஒருத்தர் இருந்தும் இப்படியா என்று. அடுத்த வருடம் என்னைக் கோப்ரலுக்குப் பரிந்துரை செய்ததும் அவர்தான்.

வெட்டின துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டிருப்பார் என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தேதியை எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் எழுந்துபோய் வெளியே நின்றுவிட்டு வந்தேன். மலரில் படம் போடுவதாக இருந்தால் போடுங்கள், கட்டியது யார் என்று என் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். அச்சகத்தில் மட்டும் படத்தை இடம் வலம் திருப்பிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் சரியாகக் கட்டினது மாதிரி தெரியும்.